இரண்டு உருளைகளின் மேல் ஒரு மீட்டர்

கோயம்புத்தூருக்கு வெளியே, வார்ப்புகளைக் கடைந்து பம்பு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலை. அதன் மூலையில் கண்ணாடி வைத்து அடைத்த ஓர் அறை இருக்கிறது. செருப்பை வாசலில் விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெளியே சித்திரை வெயில் கொளுத்துகிறது. உள்ளே எந்நேரமும் 20 டிகிரி செல்சியஸ். நடுவில் கறுப்பு கிரானைட் மேசை. மேசைக்குக் குறுக்கே பாலம்போல் நகரும் ஒரு சட்டம், அதிலிருந்து கீழே இறங்கும் ஒரு தண்டு, தண்டின் நுனியில் கடுகைவிடச் சற்றே பெரிய செந்நிற ரூபிக் குண்டு. அந்தக் குண்டு ஒரு பொருளைத் தொட்ட கணத்தில், தொட்ட இடத்தின் மூன்று அச்சு அளவுகளையும் இயந்திரம் குறித்துக்கொள்கிறது. மூன்றச்சு அளவீட்டு இயந்திரம் என்று எழுதலாம். தொழிற்சாலையில் எல்லோருக்கும் இது சி.எம்.எம்.

அன்று அந்த இயந்திரத்தையே அளந்து பார்க்க இருவர் வந்திருந்தார்கள். ஒருவர் தலை நரைத்தவர், இன்னொருவர் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆன இளைஞர். மரப்பெட்டியிலிருந்து கையுறை போட்ட கைகளால் ஸ்டெப் கேஜை எடுத்தார்கள். சீப்பின் பற்களைப் போல வரிசையாகக் கட்டைகள் பொருத்திய நீளமான எஃகுச் சட்டம் அது. ஒவ்வொரு கட்டையின் முகமும் எங்கே இருக்கிறது என்பது சான்றிதழில் இருக்கிறது. அதை மேசைக்குக் குறுக்காக, சாய்வாக, ஒரு ஸ்டாண்டின் மேல் ஏற்றினார் இளைஞர். திருகுகளை முறுக்கினார். பெரியவர் அளக்கத் தொடங்கவில்லை. ஒரு டயலைக் கொண்டுவந்து ஸ்டாண்டின் உச்சியில் அதன் முனையைப் படவைத்தார். ஒரு கோட்டுக்கு ஒரு மைக்ரான் காட்டும் டயல். பிறகு சுண்டுவிரலால் ஸ்டாண்டை மெல்லத் தொட்டார். முள் நான்கு கோடு நகர்ந்தது.

"தம்பி, இது நிக்காது. வேற ஸ்டாண்ட் எடுங்க."

"நல்லா டைட் பண்ணித்தானுங்ணா வச்சிருக்கேன்."

"டைட்டாத்தான் இருக்குது. ஆனா நிக்கலையே!"

இறுக்கமாக இருப்பது வேறு, அசையாமல் நிற்பது வேறு. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த வேறுபாட்டைப் பற்றித்தான்.

மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். நான்கு மைக்ரான் அசைவைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலால் உணர முடியாது. ஆனால் நடுத்தரமான ஒரு சி.எம்.எம். தரும் வாக்குறுதியே அந்த அளவுதான். அதன் பிழை இவ்வளவுக்கு மேல் போகாது என்று தயாரிப்பாளர் ஒரு வரம்பு கொடுப்பார்: 2 மைக்ரான், அதோடு மில்லிமீட்டரில் உள்ள நீளத்தை 300-ஆல் வகுத்தால் வரும் மைக்ரான் என்பதுபோல. 600 மில்லிமீட்டர் நீளத்துக்கு இது 4 மைக்ரான். சுண்டுவிரல் பட்டு நகர்ந்த அளவும் அதே.

சுண்டுவிரல் தொட்டதை விடுங்கள், ரூபிக் குண்டு அவ்வளவு பலமாகத் தொடுமா என்று கேட்கலாம். தொடாது. அது தொடும் விசை ஏறக்குறைய 10 கிராம் எடையின் அளவுதான். இனி ஒரு சிறு கணக்குப் போடுவோம். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் தூண், உயரம் அரை மீட்டர். அடியில் அசையாமல் பொருத்திவிட்டோம். உச்சியில் 10 கிராம் எடையளவு விசையைப் பக்கவாட்டில் கொடுத்தால் அது எவ்வளவு வளையும்? ஒரு மைக்ரான். எஃகுதான், கை கொடுத்து அசைத்தால் அசையாத தூண்தான், ஆனாலும் வளைகிறது. உலகில் வளையாத பொருள் என்று ஒன்று கிடையாது. எவ்வளவு விசைக்கு எவ்வளவு வளையும் என்பது மட்டும்தான் பொருளுக்குப் பொருள் மாறும்.

நல்ல வேளையாக, இந்தக் கணக்கிலேயே தீர்வும் இருக்கிறது. தூணின் வளைவு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு எதிராகப் போகிறது. விட்டத்தை 25-இலிருந்து 50 மில்லிமீட்டர் ஆக்கினால் வளைவு பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகிவிடும். உயரத்தைப் பொறுத்தவரை மூன்றாம் அடுக்கு: உயரத்தைப் பாதியாக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்கு. கட்டை குட்டையாகவும் தடியாகவும் இருந்தால் உறுதி என்பது கிராமத்துத் தச்சருக்கும் தெரியும். ஆனால் அந்த உறுதி எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கும்போதுதான், இரண்டு அங்குலத் தூணுக்குப் பதிலாக ஓர் அங்குலத் தூணை எடுத்து வந்த இளைஞர் எதை இழந்தார் என்பது புரியும்.

ஒரு மைக்ரான் வளைவு ஒரு மைக்ரானோடு நிற்பதுமில்லை. ஒரு கட்டையின் இடது முகத்தையும் வலது முகத்தையும் தொட்டு அதன் நீளத்தை அளக்கிறோம். இடது முகத்தைத் தொடும்போது குண்டு ஸ்டாண்டை வலப்பக்கம் ஒரு மைக்ரான் தள்ளிவிட்டுத்தான் தொட்டதாகச் சொல்கிறது. வலது முகத்தைத் தொடும்போது இடப்பக்கம் ஒரு மைக்ரான். இரண்டும் சேர்ந்து, கட்டை தன் உண்மை நீளத்தைவிட 2 மைக்ரான் குட்டையாகத் தெரியும். ஒரே பக்கம் பார்க்கும் இரண்டு முகங்களை அளந்தால் இந்தத் தவறு தானாகக் கழிந்துபோகும். எதிரெதிர் முகங்களை அளந்தால் இரட்டிப்பாகும். அனுமதித்த பிழை 4 மைக்ரான்; அதில் பாதியை ஸ்டாண்டே தின்றுவிட்டது. பழி மட்டும் இயந்திரத்தின் மேல்.

பழியோடு முடிந்தாலும் பரவாயில்லை. இப்போதைய இயந்திரங்களின் நினைவில் ஒரு திருத்தப் பட்டியல் இருக்கிறது. இந்த இடத்தில் இவ்வளவு கூட்டு, அந்த இடத்தில் இவ்வளவு கழி என்று அது சொல்லும். சோதனையில் தெரிந்த பிழையை நம்பி அந்தப் பட்டியலை மாற்றினால், ஸ்டாண்டின் வளைவு இயந்திரத்தின் மூளைக்குள் ஏறிவிடும். ஸ்டாண்டு பெட்டிக்குள் போய், வந்தவர்கள் ஊருக்குப் போன பிறகும் அந்தப் பொய் அங்கேயே இருக்கும். அடுத்த ஓராண்டுக்கு அளக்கும் ஒவ்வொரு பாகத்திலும் சேரும். இதற்காகத்தான் அந்தப் பெரியவர் அரை மணி நேரம் செலவழித்து ஸ்டாண்டை மாற்றச் சொன்னார். அவர் செய்தது முற்றிலும் சரி.

சோதனை என்பதும் சிறு வேலையல்ல. இத்தகைய இயந்திரங்களுக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 10360. அதன் இரண்டாம் பகுதி சொல்கிறபடி, ஐந்து வெவ்வேறு நீளங்களை ஏழு வெவ்வேறு நிலைகளில் வைத்து, ஒவ்வொன்றையும் மூன்று முறை அளக்க வேண்டும். மொத்தம் 105 அளவுகள். அந்த ஏழில் நான்கு நிலைகள், ஒரு பெட்டியின் கீழ்மூலையிலிருந்து எதிர் மேல்மூலைக்குப் போகும் மூலைவிட்டங்கள். கேஜ் அந்தரத்தில் சாய்ந்து நிற்க வேண்டும் என்று பொருள். மேசையில் படுக்கவைத்தால் கேஜைத் தாங்க கிரானைட்டே இருக்கிறது. அந்தரத்தில் தாங்க ஸ்டாண்டைத் தவிர வேறு எதுவும் இல்லை.

சரி, அப்படியானால் தடியான தூணை வைத்து, கேஜை அதன் மேல் நாலைந்து கிளாம்ப் போட்டு நசுக்கிப் பிடித்துவிட்டால் போதாதா? போதாது. அது முதல் தவறைவிடப் பெரிய தவறு. அது ஏன் என்று சொல்ல 200 ஆண்டு பின்னால் போக வேண்டும், அதுவும் சென்னைக்கு.

1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். நீளம் ஏழரை மைல். பின்னாளில் இமயம் வரை போன மாபெரும் முக்கோண நில அளவை அந்தக் கோட்டிலிருந்துதான் கிளம்பியது. அளக்கும் கருவி 100 அடி எஃகுச் சங்கிலி. இரண்டரை அடி நீளமுள்ள 40 எஃகுக் கம்பிகளைக் கோத்தது. லாம்டன் அதைத் தரையில் இழுத்துப் போடவில்லை. மேடு பள்ளத்தில் கிடக்கும் சங்கிலி மேடு பள்ளத்தைத்தான் அளக்கும். மரப்பெட்டிகளை வரிசையாக வைத்து, அவற்றைத் திருகு வைத்த முக்காலிகளின் மேல் ஏற்றி ஒரே மட்டமாக்கி, அந்தப் பெட்டிகளுக்குள் சங்கிலியைக் கிடத்தினார். பக்கத்தில் வெப்பமானிகள். சங்கிலி ஒரு முறை கிடந்து எழ, அடுத்த நூறு அடிக்கு முக்காலிகள் எல்லாம் நகர வேண்டும். இப்படி ஏறக்குறைய 400 முறை. படிக்கும்போது சங்கிலிதான் நம் கண்ணில் படுகிறது. அந்த வெயிலில் உழைப்பை விழுங்கியது முக்காலிகள்தாம்.

லாம்டனிடம் உதவியாளராக வேலை செய்த இளம் அதிகாரி ஹென்றி கேட்டர். இங்கிலாந்து திரும்பி ஊசல்களிலும் அளவுகோல்களிலும் பெயர் பெற்றவர். 1830-இல் ராயல் சொசைட்டியின் இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அளவுகோலின் தடிமன் காரணமாகவே அதன் நீளத்தில் பிழை வருகிறது என்பது அதன் சாரம். நீளத்தில் பிழை வர நீளம்தானே காரணமாக வேண்டும், தடிமன் எப்படிக் காரணமாகும்?

ஊஞ்சல் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் சங்கிலியில் தொங்குகிறது, நடுவில் ஆள் உட்கார்ந்தால் பலகை கீழே வளைகிறது. வளையும்போது மேல்பரப்பு நெருக்கப்பட்டுக் குட்டையாகிறது. கீழ்ப்பரப்பு இழுபட்டு நீளமாகிறது. நடுவில் ஒரே ஓர் அடுக்கு மட்டும் குட்டையாவதும் இல்லை, நீளமாவதும் இல்லை. பொறியாளர்கள் அதை நடுநிலை அச்சு என்பார்கள். அளவுகோலின் மேல் ஆள் உட்கார வேண்டியதில்லை. அதன் சொந்த எடையே அதை வளைக்கப் போதும். அக்கால அளவுகோல்களில் கோடுகள் மேல்பரப்பில்தான் கீறப்பட்டிருந்தன. கோலை எங்கே தாங்குகிறோம் என்பதைப் பொறுத்து அந்தக் கோடுகள் நெருங்கும், விலகும்.

எவ்வளவு? ஒரு மீட்டர் நீளமும் 25 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள எஃகுக் கோலை இரு நுனிகளில் மட்டும் தாங்கினால், அதன் நடு 94 மைக்ரான் தொய்யும். மேல்பரப்பில் நுனிக்கருகே உள்ள கோடுகள் ஒன்றையொன்று நோக்கி ஏழரை மைக்ரான் நெருங்கும். அதே கோலை நடுவில் மட்டும் தாங்கினால் எதிர்மாறாக விலகும். யாரும் கோலைத் தேய்க்கவில்லை, சூடாக்கவில்லை. வைத்த இடம் மாறியது, நீளமும் மாறிவிட்டது.

கேட்டரின் கண்டுபிடிப்பு விரைவிலேயே தேவைப்பட்டது. 1834 அக்டோபர் 16-ஆம் தேதி, பயனற்றுப்போன பழைய கணக்குக் குச்சிகளை லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் உலையில் போட்டு எரித்தார்கள். தீ கட்டடத்தையே பிடித்துக்கொண்டது. அங்கே வைத்திருந்த நாட்டின் சட்டபூர்வமான கஜக்கோலும் அதில் பாழாயிற்று. புதிய கோல் செய்யும் குழுவில் முன்னின்றவர் அரசு வானியலாளர் ஜார்ஜ் ஏரி. புதிய கோல் வெண்கலத்தில் ஆனது. 38 அங்குல நீளம், ஓர் அங்குலச் சதுரம். இரு நுனிக்கருகிலும் பாதி ஆழம்வரை குழி துளைத்து, குழியின் அடியில் தங்கப் பொட்டு பதித்து, கோட்டை அதன் மேல் கீறினார்கள். கோடு இப்போது மேல்பரப்பில் இல்லை, நடுநிலை அச்சில் இருக்கிறது. கோல் சற்று வளைந்தாலும் கோடுகளின் இடைவெளி மிகக் குறைவாகவே பாதிக்கப்படும்.

ஏரி அதோடு நிற்கவில்லை. 1845-இல் அவர் ஒரு கணக்கைத் தீர்த்தார்: சொந்த எடையால் தொய்யும் கோலை எங்கே தாங்கினால் அதன் இரு நுனி முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாகவே நிற்கும்? இரண்டு தாங்கிகள் என்றால், கோலின் நீளத்தை 3-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவதே அவற்றின் இடைவெளி. அதாவது நீளத்தில் 0.577 பங்கு, ஒவ்வொரு நுனியிலிருந்தும் 0.211 பங்கு உள்ளே. ஒரு மீட்டர் கோலுக்கு 577 மில்லிமீட்டர் இடைவெளி. நுனிகளில் தாங்கியபோது 94 மைக்ரான் தொய்ந்த அதே கோல், ஏரிப் புள்ளிகளில் தாங்கும்போது நுனிக்கும் நடுவுக்கும் இடையே நான்கைந்து மைக்ரான்தான் வேறுபடுகிறது. பொருளை மாற்றவில்லை, தடிமனைக் கூட்டவில்லை. இரண்டு தாங்கிகளைச் சற்று உள்ளே தள்ளினோம், அவ்வளவுதான். இயற்பியலில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பெரிய லாபம் கிடைக்கும் இடங்கள் குறைவு.

அந்த வெண்கலக் கஜத்துக்கு ஏரி இரண்டோடு நிற்காமல் எட்டு உருளைகள் வைத்தார். எட்டும் சம அளவு எடை சுமக்கும்படி நெம்புகோல்களில் கோத்தார். 1855-இல் கஜத்தை வரையறுத்த சட்டம், கோல் வளையாமலும் தடையின்றி விரிந்து சுருங்கும்படியும் வெண்கல உருளைகளின் மேல் கிடக்க வேண்டும் என்றே எழுதியது. நாடாளுமன்றச் சட்டத்தில் உருளைக்கும் இடம் கிடைத்தது.

மீட்டருக்கும் இதே கதைதான். 90 பங்கு பிளாட்டினம், 10 பங்கு இரிடியம் கலந்து செய்த கோலை 1889-இல் உலகம் மீட்டராக ஏற்றுக்கொண்டது. ஹென்றி திரெஸ்கா அதன் குறுக்குவெட்டை எக்ஸ் எழுத்தைப் போல வடிவமைத்தார். உறுதி அதிகம், உலோகம் குறைவு, அதோடு நடுநிலை அச்சே திறந்த பரப்பாக வெளியில் தெரிகிறது. குழி தோண்டாமல் கோட்டை அங்கேயே கீறலாம். 1927-இல் மீட்டரின் வரையறையை இறுக்கி எழுதியபோது, கோல் பூஜ்ஜியம் டிகிரியில் இருக்க வேண்டும், சாதாரணக் காற்றழுத்தத்தில் இருக்க வேண்டும் என்பதோடு இன்னொரு வரியையும் சேர்த்தார்கள்: குறைந்தது ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு உருளைகளின் மேல், ஒரே கிடைமட்டத்தில், சமச்சீராக, 571 மில்லிமீட்டர் இடைவெளியில் கோல் கிடக்க வேண்டும்.

ஏன் 577 இல்லாமல் 571? கோலின் மொத்த நீளம் 1020 மில்லிமீட்டர்; ஏரிப் புள்ளி என்றால் 589 வர வேண்டும். இங்கே பயன்பட்டது ஜெர்மானிய வானியலாளர் பிரீட்ரிக் பெசலின் கணக்கு. நுனி முகங்கள் இணையாக இருப்பது அவருடைய நோக்கமல்ல. நடுநிலை அச்சில் அளக்கும் நீளம் தொய்வால் மிகமிகக் குறைவாக மாற வேண்டும். அதற்கு இடைவெளி நீளத்தில் 0.559 பங்கு. 1020-ஐ அதனால் பெருக்கிப் பாருங்கள், 571-க்கு அருகில் வரும். முகத்துக்கு முகம் அளக்கும் கட்டைக்கு ஏரிப் புள்ளி, கோட்டுக்குக் கோடு அளக்கும் கோலுக்குப் பெசல் புள்ளி என்று பொதுவாகச் சொல்லலாம்.

அந்த வரையறை 33 ஆண்டுகள் நிலைத்தது. அதுவரை உலகத்து மீட்டர் என்பது வெறும் ஓர் உலோகக் கோல் அல்ல. அந்தக் கோலும் அதன் கீழே கிடந்த இரண்டு உருளைகளும் சேர்ந்ததுதான் மீட்டர். 1960-இல் கிரிப்டான் ஒளியும், 1983-இல் ஒளியின் வேகமும் மீட்டரின் இருக்கையில் ஏறின. ஒளிக்குத் தாங்கி வேண்டாம். ஆனால் அந்த ஒளியால் அளந்த நீளத்தை ஓர் எஃகுக் கேஜில் ஏற்றிக் கோயம்புத்தூர் வரை கொண்டுவர வேண்டுமென்றால், பழையபடி இரண்டு தாங்கிகள் வேண்டும்.

இனி அந்த நாலைந்து கிளாம்ப் கேள்விக்குத் திரும்பலாம்.

வீட்டில் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. சமதளம் இல்லாத மண்தரையில்கூட அடுப்புக்கு மூன்று கல் வைத்தால் பானை அசையாமல் உட்கார்ந்துவிடுகிறது. நான்காவது கல் வைத்தால்தான் வம்பு. மூன்று புள்ளிகள் எப்படிக் கிடந்தாலும் அவற்றின் வழியே ஒரு தளம் போகும். நான்காவது புள்ளி அந்தத் தளத்தில் இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆடும் நாற்காலியின் மேல் ஒருவர் அழுத்தி உட்கார்ந்தால் நான்கு காலும் தரையில் படும். ஆனால் அப்போது நாற்காலியின் சட்டமே முறுக்கிக்கொள்கிறது. கேஜை நான்கு இடத்தில் நசுக்கிப் பிடித்தாலும் நடப்பது இதுதான். கேஜ் அசையாது. ஆனால் அது தன் சொந்த வடிவத்தில் இருக்காது. கிளாம்ப் கொடுத்த வடிவத்தில் இருக்கும்.

ஒரு திடப்பொருளுக்கு ஆறு விதமாக நகர வழி உண்டு: முன்பின், இடம்வலம், மேல்கீழ் என்று மூன்று, இந்த மூன்று அச்சுகளையும் சுற்றித் திரும்புவது இன்னும் மூன்று. ஆறையும் அடைக்க ஆறு தொடுபுள்ளிகள் போதும். ஐந்து வைத்தால் எங்கேயோ ஒரு வழியில் ஆடும். ஏழு வைத்தால் ஏழாவது புள்ளி பொருளோடு சண்டை போடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கெல்வின் இதற்குக் கொடுத்த தீர்வு இன்றும் ஆய்வகங்களில் இருக்கிறது: பொருளின் அடியில் மூன்று குண்டுகள், ஒன்று மும்முகக் குழியில் உட்காரும், அங்கே மூன்று தொடுபுள்ளி, இரண்டாவது நீண்ட பள்ளத்தில், அங்கே இரண்டு, மூன்றாவது வெறும் தட்டையான பரப்பில், அங்கே ஒன்று. கூட்டினால் ஆறு. தூக்கி எடுத்துத் திரும்ப வைத்தால் அதே இடத்தில், அதே வடிவத்தில் வந்து உட்காரும்.

பால் பார் என்ற கருவியைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒரு தண்டு, அதன் இரு நுனியிலும் மிகத் துல்லியமாக உருண்ட இரு குண்டுகள். அவற்றின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம் மாறாது. இயந்திரத்தின் பரப்பெங்கும் அதைத் திருப்பித் திருப்பி வைத்து அளந்தால் எப்போதும் ஒரே விடை வர வேண்டும்; வராவிட்டால் இயந்திரத்தின் அச்சுகளில் கோளாறு. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தின் ஜேம்ஸ் பிரையன் 1982-இல் காந்தக் குழியில் உட்காரும் பால் பாரை அறிமுகப்படுத்தினார். அந்தக் குழி ஏன் வழவழப்பான கூம்பாக இருக்கக் கூடாது? கூம்பில் குண்டு ஒரு வட்டக்கோட்டில் தொட வேண்டும். கூம்பு இம்மியளவு உருக்குலைந்திருந்தாலும் குண்டு திரும்பத் திரும்ப வேறு வேறு இடங்களில் பட்டு ஆடும். மூன்று புள்ளிகளில் தொடும் குழி என்றால் அந்தக் குழப்பமே இல்லை. அடுப்புக்கல் கணக்குதான், மைக்ரானில்.

ஆக, நல்ல ஃபிக்சருக்கு, அதாவது கேஜைத் தாங்கிப் பிடிக்கும் அமைப்புக்கு, இரண்டு குணம் வேண்டும்; இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவைபோலத் தோன்றும். மேசையைப் பார்த்த பக்கம் அது பாறையாக இருக்க வேண்டும். தடித்த தூண், குட்டையான கை, அடியில் மூன்று பாதங்கள், பாதத்துக்கு நேர் மேலே போல்ட். கேஜைப் பார்த்த பக்கம் அது எதையும் திணிக்கக் கூடாது. அந்தக் கேஜுக்குரிய ஏரி அல்லது பெசல் புள்ளிகள் இரண்டில் மட்டும் தொட வேண்டும், கிளாம்பின் அழுத்தம் தாங்கும் புள்ளிக்கு நேர் மேலே விழ வேண்டும். கிளாம்ப் ஓர் அங்குலம் விலகி விழுந்தால் அது நெம்புகோலாகிக் கேஜை வளைக்கும்.

இன்னொன்றும் உண்டு. அந்த இரண்டு இடங்களிலும் ஒரே மாதிரி இறுக்கக் கூடாது. ஓரிடத்தில்தான் கெட்டியான பிடி. மற்ற இடத்தில் பக்கவாட்டில் நகராமல் தடுத்து, நீளவாக்கில் மட்டும் நழுவ விட வேண்டும். மெல்லிய வில்தகடு இதைச் செய்யும். ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரிக்கு 11.5 மைக்ரான் விரியும். அலுமினியம் அதுபோல் இரு மடங்கு விரியும், கிரானைட் எஃகில் பாதி அளவே விரியும். எஃகுக் கேஜை அலுமினியச் சட்டத்தில் இரு இடத்திலும் இறுக்கிவிட்டால், அறையின் வெப்பம் சற்று ஏறும்போது சட்டம் கேஜை இழுக்கும். ஒரு பக்கத்தை விட்டுவிட்டால் கேஜ் தன் இயல்பில் விரியும். அந்த விரிவைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். இழுபட்ட நீளத்தைக் கழிக்க எந்தச் சூத்திரமும் உதவாது.

கேஜைச் செங்குத்தாக நிறுத்தும்போது நடப்பது எனக்கு மிகவும் பிடித்தது. அடியில் தாங்கினால் ஒரு மீட்டர் எஃகு தன் எடையாலேயே ஏறக்குறைய 0.2 மைக்ரான் குறுகும். உச்சியில் பிடித்துத் தொங்கவிட்டால் அதே அளவு நீளும். சரியாக நடுவில் பிடித்தால்? மேல்பாதி அமுங்குகிறது, கீழ்ப்பாதி இழுபடுகிறது, இரண்டும் சமம், மொத்த நீளம் மாறவே இல்லை. பிடித்த இடம் ஒன்றே விடையைத் தீர்மானிக்கிறது.

அந்த அறையில் அன்று ஸ்டாண்டு மாறியது. தடித்த தூண் வந்தது, மூன்று பாதங்களும் மேசையில் உட்கார்ந்தன. பெரியவர் மறுபடியும் டயலை வைத்துச் சுண்டுவிரலால் தொட்டார். முள் அசைந்ததா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. கேஜைக் கையுறையோடு ஏற்றி, ஒரு கிளாம்பை முறுக்கி, இன்னொன்றைத் தொட்டும் தொடாமலும் விட்டார். பிறகு இருவரும் அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். கையுறையைத் தாண்டியும் கையின் சூடு கேஜில் ஏறியிருக்கும். அது இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். மதியம் வரை அளக்கவே இல்லை. அளந்து முடித்ததும் கடைசியாக முதல் முகத்துக்கே திரும்பிப் போய் அதை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார்கள். தொடக்கத்தில் இருந்த இடத்திலேயே அது இருந்தால், இடையில் ஸ்டாண்டு நகரவில்லை என்று பொருள். இருந்தது.

அளவீட்டு அறையில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீளமான கேஜ் கோல்களின் பக்கவாட்டில் பெரும்பாலும் இரண்டு மெல்லிய கோடுகள் கீறியிருக்கும், நுனியிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று உள்ளே. அழகுக்காகப் போட்டவை அல்ல அவை. அடுத்த முறை பெட்டியைத் திறக்கும்போது தேடிப் பாருங்கள். கோலை அந்த இரண்டு கோடுகளின் மேல்தான் வையுங்கள். எங்கே தாங்கினீர்கள் என்பதையும் அறிக்கையில் ஒரு வரி எழுதுங்கள்.